ஊரில் விட்டு வந்த சிபில்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த வேலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம் என்று நம் பக்கத்திலிருந்து மேற்படிப்புக்கும் செவிலியர் வேலைக்கும் இங்கே வந்து இறங்குபவர்கள், முதல் சில மாதங்கள் வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று அலைந்துகொண்டிருப்பார்கள். அந்த அலைச்சலில் ஊர் வங்கிக் கிளையில் வாங்கிய கல்விக்கடன் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் இந்தியக் கடன் மதிப்பெண், அதாவது நாம் சிபில் என்று சொல்வது, இங்கே செல்லாது என்பது உண்மைதான். அதனால் அது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். கல்விக்கடனில் பொதுவாக அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரர். நீங்கள் தவறவிடும் ஒவ்வொரு தவணையும் அவர்கள் பெயரிலும் பதிவாகும். மாடி கட்டக் கடன் கேட்டுப் போகும் அப்பாவிடம் மேலாளர் கையை விரிப்பார். ஏன் என்றே அவருக்குப் புரியாது.

பணம் இருந்தும் தவணை தவறுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். படிப்பு முடிந்து வழக்கமாகக் கிடைக்கும் ஓராண்டு அவகாசம் தீர்ந்திருக்கும். இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாததால் வங்கியின் குறுஞ்செய்தி வந்து சேராது. நோட்டீஸ் வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்குப் போகும். தூர தேசத்தில் இருக்கும் பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று அம்மா அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிடுவார். தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். ஆகவே அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.

முதலில் உங்கள் கடன் அறிக்கையையும் பெற்றோரின் கடன் அறிக்கையையும் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அது 300 முதல் 900 வரை இருக்கும். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் தாமதமில்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். கறை எங்கே விழுந்தது என்று அந்தக் கட்டங்கள்தான் காட்டும். எப்போதோ மீட்ட நகைக்கடன் முடியாததாகவே நிற்கிறதா, அப்பா யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து தலைகாட்டுகிறதா என்றும் பாருங்கள். தவறான பதிவு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

பதிவு சரியாக இருந்து நிலுவையும் இருந்தால், கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றி, அதிலிருந்து தவணை தானாகப் போகும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று வங்கியே அழைத்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். மீதியைத் தள்ளுபடி செய்த கடன் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். முடிந்தவரை முழுவதும் கட்டி, நிலுவையில்லாச் சான்றைக் கையில் வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது அந்த நான்கு நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், கட்டியது விரைவில் அறிக்கையில் ஏறிவிடும். பழைய தாமதக் குறிகள் மட்டும் உடனே அழியாது. அடுத்தடுத்த மாதங்களில் தவணை தவறாமல் போகப் போக அவற்றின் பாரம் குறையும். சிபிலை ஒரே வாரத்தில் ஏற்றித் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் உங்கள் அப்பா சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான தாமதப் பதிவை எந்த இடைத்தரகராலும் அழிக்க முடியாது.

பிரிட்டனில் கடன் பதிவு தனி. இங்கே உங்கள் பெயரில் இன்னும் எதுவும் பதிவாகியிருக்காது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், இங்கே வசிக்கும் இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கட்டணம் இல்லை. கடன் கொடுப்பவர்கள் உங்கள் முகவரியைச் சரிபார்ப்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததுமே பதிவு செய்துவிடுங்கள். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும்.