நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்யலாம்

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். கல்யாணமான பிள்ளைகள் ஸ்கேன் கவரோடு வருவார்கள், பெரும்பாலும் மாமியும் கூடவே. கவரைப் பிரிக்கும் முன்பே மாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "ஓவரில கட்டியாம் சிஸ்டர், இனி எங்க பிள்ளை நிக்கப் போகுது?"

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. என்ன வகை, எத்தனை பெரிது, மாதத்தின் எந்த நாளில் பார்த்தது என்ற மூன்றும் தெரியவேண்டும். மூன்றும் அந்தக் காகிதத்திலேயே இருக்கும்.

முதலில் தேதி. ரிப்போர்ட்டின் மேல்பக்கம் எல்எம்பி என்று போட்டிருப்பது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள். அங்கிருந்து ஸ்கேன் எடுத்த நாள்வரை எண்ணுங்கள். 12, 13-ஆம் நாள் எடுத்த ஸ்கேனில் 20 மில்லிமீட்டரில் ஒரு நீர்ப்பை தெரிந்தால், அது அந்த மாதத்து முட்டைப்பை, அதாவது ஓவரிக்குள் (சினைப்பைக்குள்) முட்டை வளர்கிற சிறு பை. ஏறக்குறைய 18 முதல் 25 மி.மீ. வரை வளர்ந்து வெடித்தால்தான் முட்டை வெளியே வரும். பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், அழக்கூடாது.

அடுத்து அளவு. மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 மி.மீ. என்பதை 32 செ.மீ. என்று படித்து வீடே கலங்கிப்போன கதை எனக்குத் தெரியும். மாதவிலக்கு நிற்காத வயதில், உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருக்கிற சிம்பிள் சிஸ்ட் 5 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. முட்டைப்பை வெடிக்காமல் தங்கியதாகவோ, வெடித்தபின் நீர் கோத்ததாகவோ இருக்கும். இரண்டு மூன்று மாதவிலக்கு கழிந்தால் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். கர்ப்பத்தடை மாத்திரை போட்டால் சீக்கிரம் கரையும் என்பதும் ஆய்வில் நிற்கவில்லை. 5 முதல் 7 செ.மீ. என்றால் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். அதற்கும் மேலே போனால் எம்ஆர்ஐ, ஆபரேஷன் என்று பேச்சு வரும்.

இங்கே ஒரு வார்த்தை. கழற்சிக்காய் பொடி தின்று கட்டி கரைந்தது என்று சொல்பவர்கள் நம்மூரில் தெருவுக்கு நாலு பேர். தானாக வற்றுகிற கட்டிக்குப் பொடியும் கூடச் சேர்ந்தால் பெயர் பொடிக்குப் போகும். நாட்டு மருந்து வேண்டுமென்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மாதிரி படித்த வைத்தியர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதை மகப்பேறு டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இனி வகை. பிசிஓஎஸ்தான் அதிகம் பேர் கொண்டுவருவது. இதில் தெரிகிற சிறு முத்துகள் உண்மையில் கட்டியே இல்லை, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.கூட வராது. இவற்றை வெட்டி எடுக்கவோ கரைக்கவோ வேண்டியதில்லை. முட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளியே வராததுதான் இதில் பிரச்சினை. ஸ்கேன் படம் ஒன்றை வைத்து மட்டும் பிசிஓஎஸ் என்று சொல்லிவிடக் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி போல ஆண் ஹார்மோன் கூடிய அடையாளம், ஸ்கேன் படம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடும் அம்மாமாரே, வயதுக்கு வந்து எட்டு வருஷம்வரை அந்தப் படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல்.

பிசிஓஎஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளை பிறக்கும், சிலருக்கு மருந்தின் உதவியோடு. எடை கூடுதலாக இருந்தால் நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகும். மரச்சீனியையும் (மரவள்ளிக் கிழங்கு) புட்டையும் அடியோடு விடச்சொல்லி நான் யாரையும் வதைப்பதில்லை. கிழங்கு பாதி, சாளைக் கறியும் பயறும் கூட, சாயங்காலம் அரைமணி நடை. அதற்கும் முட்டை வரவில்லையென்றால் லெட்ரோசோல் என்ற மாத்திரைதான் இப்போது முதலில் கொடுப்பது. கடையில் கேட்டு வாங்கித் தின்கிற மாத்திரை இல்லை, டாக்டர் ஸ்கேனில் பார்த்துத் தரவேண்டியது. முட்டை வரும் நாளைக் காட்டும் கிட்டை நம்பிப் பிசிஓஎஸ் பிள்ளைகள் காசைக் கரைக்க வேண்டாம், அது இவர்களுக்குத் தப்பாகக் காட்டலாம்.

நான் உண்மையில் கவனமாகப் படிப்பது எண்டோமெட்ரியோமா என்ற சொல் இருக்கிற ரிப்போர்ட்டை. சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். கர்ப்பப்பையின் உள்தோல் மாதிரியான திசு ஓவரியில் வளர்ந்து, மாதாமாதம் கசியும் ரத்தம் தேங்கிப் பழுப்பாகிவிடுவது. பிள்ளை உண்டாவதைத் தடுக்கக்கூடிய கட்டி இதுதான். கருக்குழாய் ஒட்டிக்கொள்ளலாம், முட்டை இருப்பும் குறையலாம். மாதவிலக்கில் தாங்கமுடியாத வலி, சேரும்போது ஆழத்தில் வலி, இரண்டும் உண்டென்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். "பெண்ணாப் பிறந்தா வலி இல்லாமலா" என்று மாமி சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஹெமரேஜிக் சிஸ்ட் என்று எழுதியிருந்தால் அது வேறு. சாதாரணக் கட்டிக்குள் ஒருமுறை ரத்தம் கசிந்தது அது. ஸ்கேனில் சிலசமயம் சாக்லேட் சிஸ்ட் போலவே தெரியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஹெமரேஜிக் சிஸ்ட் பெரும்பாலும் வற்றியிருக்கும், சாக்லேட் சிஸ்ட் அப்படியே நிற்கும். அவசரப்படாமல் அந்த இரண்டாவது ஸ்கேனைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

சாக்லேட் சிஸ்ட் உறுதியானால், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பு பார்த்தாச்சா? கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல முட்டையும் கூடப் போகுமே, எனக்கு அது தாங்குமா? ஆபரேஷன் முடிந்தால் தானாகக் கர்ப்பம் ஆக வழியிருக்கிறதா, இல்லை டெஸ்ட் ட்யூப் முறைக்குத்தான் போகவேண்டுமா? டெஸ்ட் ட்யூப் என்றே முடிவானால், அதற்கு முன் கட்டியை எடுப்பதால் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று சொல்ல முடியாது. வலிக்காகவோ, முட்டை எடுக்க ஊசி எட்டவில்லை என்றோ எடுத்தால் சரி. இன்னொன்று, வலிக்குத் தருகிற டைனோஜெஸ்ட் மாத்திரை தின்னும் காலத்தில் முட்டை வெளியே வராது. அதை மாதக்கணக்கில் தின்றுகொண்டே "இன்னும் விசேஷம் இல்லையே" என்று ஏங்குபவர்கள் உண்டு.

டெர்மாய்டு கட்டியில் முடி, கொழுப்பு, சிலசமயம் பல்கூட இருக்கும். கேட்டதும் செய்வினை என்று கிளம்பாதீர்கள், பிறவியிலேயே தங்கிய செல்களின் வேலை அது. பெரும்பாலும் கர்ப்பத்தைத் தடுக்காது. பெரிதானால் ஓவரியோடு முறுக்கிக்கொள்ளும் என்பதால் எடுப்பார்கள். ஒரு பக்கத்து ஓவரியையே எடுக்கவேண்டி வந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பிள்ளை பிறக்கும்.

முறுக்கு என்றதும் சொல்லவேண்டியது: கட்டி இருப்பது தெரிந்த பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருட்டிப் பிடித்து, வாந்தியும் வந்தால் கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ, பக்கத்தில் ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கோ போய்விடுங்கள். நேரம் போகப்போக ஓவரியைக் காப்பாற்றுவது கடினம்.

சரி, யார் எப்போது டாக்டரிடம் போகவேண்டும்? 35 வயதுக்குள் என்றால் தடையில்லாமல் ஒரு வருஷம் முயற்சி செய்த பிறகு. 35 தாண்டினால் ஆறு மாதம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களும் சாக்லேட் சிஸ்ட் உள்ளவர்களும் காத்திருக்க வேண்டாம். போகும்போது புருஷனையும் கூட்டிக்கொண்டு போங்கள். விந்துப் பரிசோதனை முதல் நாளே எழுதிக்கொடுக்கவேண்டியது. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கூலியை விட்டுவிட்டு அவள் வருஷக்கணக்கில் ஸ்கேனுக்கு அலைய, அவன் ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்க மறுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் நேரே திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுவதுண்டு. போகலாம், ஆனால் இந்தப் பரிசோதனைகளை இங்கேயே முடித்துவிட்டுப் போனால் ஒரு நடை மிச்சம்.

மறு ஸ்கேன் அந்த மாதத்து ரத்தப்போக்கு நின்றதும், மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுப்பது நல்லது, புது முட்டைப்பை குழப்பாது. வயிற்றின்மேல் வைத்து எடுப்பதென்றால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், உள்வழியாக எடுப்பதென்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கி, மாதவிலக்குத் தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதி மேலே வையுங்கள். ஓபி-யில் டாக்டர் உங்களுக்குத் தருகிற சில நிமிஷங்களில் அதைத்தான் முதலில் கேட்பார்.