ஜெர்மனிக்கு அனுப்புகிறார்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறது, ‘லாங் டெர்ம்’ என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். சரி, நல்ல விஷயம். ஆனால் வீட்டைக் காலி செய்து பிள்ளைகளுக்கு டிசி வாங்குவதற்கு முன் ஹெச்ஆரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: ஐசிடி கார்டா, புளூ கார்டா?

இரண்டுமே ஜெர்மனியில் தங்கி வேலை பார்க்க அந்த நாட்டு அரசு கொடுக்கும் அனுமதி அட்டை; பார்க்க ஒரே மாதிரிதான், அச்சடித்த பெயர்தான் வேறு. ஐசிடி கார்டு, சொந்தக் கிளைக்கு மாற்றலாகி வரும் மேனேஜர்களுக்கும் ஸ்பெஷலிஸ்ட்களுக்கும் கொடுப்பது. அதிகபட்சம் 3 வருஷம், மறுபடி அதே கார்டு வேண்டுமென்றால் 6 மாதம் வெளியே இருந்துவிட்டுத்தான் வர முடியும். புளூ கார்டில் அரசு சட்டத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறது: 27 மாதம் வேலை பார்த்து ஏ1 (ஆரம்ப நிலை) அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், பி1 (நடுத்தர நிலை) இருந்தால் 21 மாதமே போதும்.

அந்த மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்பீடும் கட்டியிருக்க வேண்டும். ஜெர்மன் சம்பளச் சீட்டில் ‘ஆர்வி’ (RV) என்று இந்தக் காப்பீட்டுக்கான பிடித்தம் வரும், மாதாமாதம் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியச் சம்பளப் பட்டியலிலேயே வைத்து அனுப்பினால் பெரும்பாலும் அது இருக்காது, ஏனென்றால் பிஎஃப் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டால் 48 மாதம் வரை அங்கே கட்ட வேண்டாம் என்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. பிடித்தம் குறைகிறதே என்று அப்போது சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் பிறகு குடியிருப்பு கேட்டுப் போகும்போது காட்ட ஜெர்மன் ஓய்வூதியம் கட்டிய மாதம் ஒன்றுகூட இருக்காது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பேன்.

அதனால் ஜெர்மன் கிளையோடு நேரடி வேலை ஒப்பந்தம் கேளுங்கள். புளூ கார்டுக்கு அது வேண்டும்; கூடவே பொதுவாகப் பட்டமும், அந்தக் கார்டுக்கென்று வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளமும் வேண்டும். அந்தத் தொகை வருஷா வருஷம் மாறும், ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் சம்பளத்தை அந்த வருஷத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பி1-ஐ அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புது வேலை, வீடு தேடல், பள்ளி அட்மிஷன் எல்லாம் சேர்ந்தால் படிக்க நேரமே கிடைக்காது. விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களிலேயே ஜெர்மன் கற்றுத் தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்துவிடுங்கள்.

ஹெச்ஆர் போனில் ‘பார்த்துக்கலாம்’ என்றால் விடாதீர்கள். எந்தக் கார்டு, எந்தக் கிளையின் ஒப்பந்தம், ஓய்வூதியம் எந்த நாட்டில், இந்த மூன்றுக்கும் மெயிலில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.