அருமண் தனிமங்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹார்ட் டிஸ்க் காந்தத்திலிருந்து நியோடிமியம் என்ற அருமண் தனிமத்தைப் பிரிக்கிறோம் என்று ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். கையுறை, கண்ணாடியெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

ஆவி வராவிட்டால் ஆபத்தில்லை என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அருமண் அயனிகளைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் கரைப்பானாக, மண்ணெண்ணெய்க்குப் பதில் அயனித் திரவம் (திரவ நிலையிலேயே இருக்கும், ஏறக்குறைய ஆவியாகாத உப்பு): சட்டென்று தீப்பிடிக்காது, வாடை இல்லை. உடனே ‘பசுமைக் கரைப்பான்’ என்று எழுதிவிட்டு, ஃபுளோரின் கொண்ட ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் வகையை வாங்கிவிடுகிறார்கள். அமிலத் தண்ணீர் பட்டால், அதுவும் சூடாக இருந்தால், அது சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகும்.

ஒரு மாணவர் குடுவையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “உள்ளே மங்கலாவே இருக்கு சார், கறை போகல.” கறையெல்லாம் இல்லை, கண்ணாடியே அரித்திருந்தது. முந்தைய இரவு முழுக்க நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூட்டில் வைத்திருக்கிறார். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டவுடன் வலிக்காது. வலி தெரிவதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முதலுதவியாகத் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் அந்த அறையில் இல்லை. அந்த அமிலத்தைத்தான் யாரும் வாங்கவே இல்லையே!

சரி, எளிதில் சிதையாத வகையை வாங்கினால்? அப்போது காசு கரையும். இமிடசோலியம் என்ற நேர்மின் அயனி கொண்ட வகைகளில் பெரும்பாலும், ஓர் அருமண் அயனி உள்ளே வந்தால் திரவத்தின் சொந்த அயனிகள் மூன்று தண்ணீருக்குள் போய்விடும். விலையுயர்ந்த கரைப்பான் கழிவுநீரில் போவதை யாரும் அளப்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்ணீரைச் சோதியுங்கள்.

காய்ந்த சீரியத்தில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றுவது

பல அருமண் தனிமங்கள் கலந்த ஹைட்ராக்சைடைக் காற்றில் உலர்த்தினால், அதிலுள்ள சீரியம் ஆக்சிஜனேற்றமாகி +4 நிலைக்குப் போகும். அதன்மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் விட்டால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். நீர்த்த நைட்ரிக் விட்டுப் பாருங்கள்: மற்றவை கரையும், சீரியம் பெரும்பாலும் அடியிலேயே நிற்கும்.

மோனசைட் மணல்

இந்த அருமண் தாதுவில் கதிரியக்கத் தோரியம் இருக்கிறது. தொடாதீர்கள்.

புரதம் வந்துவிட்டது, அமிலம் எதற்கு என்பது

2018இல் கண்டறிந்த லான்மோடுலின் புரதம் அருமண் அயனிகளைத் தண்ணீரிலேயே பிடிக்கும், உண்மைதான். ஆனால் காந்தத்தை முதலில் கரைத்தாக வேண்டுமே! அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் காட்டிய வழி, அமிலத்துக்குப் பதில் தாமிர உப்புக் கரைசல். அப்புறம், இடிப்பதற்கு முன் காந்தத்தைச் சூடாக்கிக் காந்தத்தன்மையை நீக்குங்கள். நுண்தூளைக் காய விடாதீர்கள், தீப்பிடிக்கும்.