பொன்னாடையை விடுங்க, முதலில் நாற்காலி போடுங்க: கடைநிலை அரசு ஊழியரைப் பாராட்டுவது எப்படி?

இரண்டு வருஷம் முன்னால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பாராட்டு விழா வைத்தோம். விடியற்காலையிலேயே வேலைக்கு இறங்கிவிட்ட தூய்மைப் பணியாளர்கள் ஏழு பேரை 11 மணிக்கு வரச் சொல்லிவிட்டோம், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்ததோ 12.40க்கு. அதுவரை அவர்கள் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள், நாற்காலியில் எல்லாம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஆளுக்கு ஒரு பளபளா பொன்னாடை. ஒரு அக்கா அதை மடித்துக்கொண்டே, "இத வெச்சு என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அதனால் முதலில் சாப்பாடு, நாற்காலி, நேரம் இந்த மூன்றையும் முடிவு பண்ணுங்கள். அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரத் தோதான நேரமா என்று அவர்களிடமே கேளுங்கள். சிறப்பு விருந்தினர் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

யாரைப் பாராட்டுவது? ஏப்ரல் 21 குடிமைப் பணிகள் தினம், 1947இல் டெல்லி மெட்காஃப் ஹவுஸில் பயிற்சி அதிகாரிகளிடம் படேல் பேசிய நாள். அது மேலே இருப்பவர்கள் கொண்டாட்டம், கலெக்டரைப் பாராட்ட ஆளுக்கா பஞ்சம்? நம் கணக்கில் வர வேண்டியவர்கள் லைன்மேன், கிராம சுகாதார செவிலியர், தபால்காரர், சத்துணவு சமையலர், தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். பெயர்ப் பட்டியலை அலுவலகத்தில் மட்டும் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் அதில் விடுபட்டுப் போகலாம். தெருவில் நின்று பார்த்து எழுதுங்கள், இனிஷியலைக் கேட்டு எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுகிற இடம் அனுமதி. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இல் 14ஆவது விதிப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் ஒரு ஊழியர் தன்னைக் கௌரவிக்க நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ பாராட்டுப் பத்திரம் வாங்கவோ கூடாது. ஓய்வு பெறும்போதோ மாற்றலாகிப் போகும்போதோ சொந்த முறையில் வைக்கிற சின்ன வழியனுப்பு விழாவுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் 1973ஆம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. எதற்கு வம்பு, இரண்டு வாரம் முன்பே மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பணமோ மோதிரமோ கொடுக்கிற நினைப்பே வேண்டாம், நாளைக்கு மாட்டிக்கொண்டு முழிப்பது அவர்தான், நீங்கள் இல்லை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது இல்லையா, அங்கே எழுந்து பெயர் சொல்லி நன்றித் தீர்மானம் கேளுங்கள். மைக் செட் செலவுகூடக் கிடையாது.

என்னைக் கேட்டால் விழாவைவிடக் கடிதம்தான் உருப்படி. "கடமை உணர்வு மிக்கவர், பண்பாளர்" என்று எழுதுவது கல்யாண வாழ்த்து மடல் மாதிரி, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நடந்ததை எழுதுங்கள். எங்கள் லைன்மேனுக்காக எழுதியது இப்படி: "நவம்பர் 14 இரவு 11.20க்கு மூன்றாவது குறுக்குத் தெருவில் மின்கம்பி அறுந்து தேங்கிய மழைத்தண்ணீரில் விழுந்தது. தகவல் சொன்ன இருபது நிமிஷத்தில் வந்து லைனை நிறுத்தினார். சரிசெய்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகாமல் நின்று பார்த்துக்கொண்டார்." தேதி, நேரம், இடம், செய்த வேலை, அவ்வளவுதான். கீழே பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டோம். உதவிப் பொறியாளருக்கு ஒன்று, செயற்பொறியாளருக்கு ஒன்று, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

போட்டோ எடுத்தால் ஃபேஸ்புக்கில் போடும் முன் கேளுங்கள், சிலருக்கு அது பிடிக்காது.

கடிதத்தின் நகலை அவர் கையில் கொடுக்க மறந்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்தபோது லைன்மேன் முதலில் தேடியது தன் பெயரை இல்லை, கூட வந்த உதவியாளர் பெயரை. "அவன் பேரும் சேத்துருக்கலாமே சார்" என்றார். மறு வாரம் திருத்தி மறுபடி அனுப்பினோம்.