தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வெடித்தது எதனால்?

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்கத் தஞ்சாவூர்ப் பாணியில் வெண்ணெய்க் கிருஷ்ணன் போட்டுக்கொண்டிருந்தேன். படத்திலுள்ள மண்டபத் தூண்கள் புடைப்பாகத் தெரிய மக்கு (சாக் பவுடரும் அரபிக் கோந்தும் குழைத்த பசை) வைத்தால் மறுநாள் காலையில் மயிரிழை வெடிப்பு. அரபிக் கோந்து போதவில்லையோ என்று கூட்டினேன். ஓரம் தூக்கிக்கொண்டு உரிந்தே வந்துவிட்டது. சாக் பவுடரை வேறு கடையில் வாங்கிச் சலித்தும் பார்த்தேன். நாலு நாள் போனது.

பிறகுதான் கவனித்தேன்: வெடிப்பெல்லாம் இடது தூணில் மட்டும். அந்தப் பக்கம்தான் டேபிள் ஃபேன்! மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது.

கோந்தைப் பழைய அளவுக்கே குறைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரேயடியாக மேடு கட்டாமல் மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் நிழலில் காய்ந்த பிறகே அடுத்தது. வெடிக்கவில்லை. அதன்மேல் தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடு) சுருக்கமில்லாமல் ஒட்டியது. அப்பாடா! சனிக்கிழமை சட்டம் போடக் கொடுக்கிறேன்.