ஓவனுக்குள் தீப்பொறியா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் காக்காப்பொன்னைப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மிஞ்சிய பள்ளிபாளையம் சிக்கனைச் சூடு பண்ண மைக்ரோவேவ் ஓவனில் வைத்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. உள்ளே வலது பக்கச் சுவரில், பட்டாசுத் திரி பற்றியதுபோல் சடசடவென்று பொறி. "ஏங்கண்ணு, அதென்ன உள்ளுக்குள்ள மின்னுது? மொதல்ல சுச்ச அமத்து!" என்று அம்மா சத்தம் போட்டார்.

சர்வீஸ் ஆள் ஒருவருக்குப் போன் செய்தேன். வந்து பார்க்காமலே, "மேக்னட்ரான் போயிருக்குமுங்க, நாலாயிரம் ஆகும்" என்றார். மேக்னட்ரான் என்பது ஓவனில் சூடாக்கும் அலையை உண்டாக்கும் பாகம். கடைசியில் எனக்கு ஆன செலவு 80 ரூபாயும் ஈரோடு போய்வர பெட்ரோலும்தான். ஆனால் நான் சரிசெய்த பிறகும் ஒரு தடவை பொறி பறந்தது. அது முழுக்க என் தப்பு, அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே சொல்லும் எல்லாமே முன்கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற வேலை. வேலை முடியும்வரை பிளக் சாக்கெட்டில் இருக்கக் கூடாது. வெளித்தகட்டைக் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேலை செய்வது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். ஆளையே கொல்லும்.

1. பாத்திரத்தைப் பாருங்கள்

எவர்சில்வர் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வந்த டீ கப்பின் விளிம்பில் ஓடும் தங்கக்கோடு யார் கண்ணிலும் படாது. அதுவும் உலோகம்தான். பார்சல் டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத் தாள் துணுக்கும் அப்படியே. கன்வெக்ஷன் மாடல் என்றால் அதோடு வந்த கம்பி ஸ்டாண்டை மைக்ரோவேவ் மோடில் உள்ளேயே மறந்து விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

2. மைக்கா தகடு

பெரும்பாலும் குற்றவாளி இதுதான். உள்ளே வலது சுவரில், அட்டை மாதிரி பழுப்பாக ஒரு தகடு இருக்கும். நிறைய பேர் அதை வெறும் அட்டை என்றே நினைத்திருப்பார்கள். அது மைக்கா, நம் ஊர்ப் பேச்சில் காக்காப்பொன். சின்ன வயதில் மண்ணில் மினுமினுப்பதைப் பொறுக்கி விளையாடுவோமே, அதே சரக்கு. மேக்னட்ரானிலிருந்து வரும் அலையை இது உள்ளே விடும், ஆவியையும் எண்ணெயையும் அந்தப் பக்கம் போக விடாது.

மூடாமல் சூடு பண்ணினால் எண்ணெய் தெறித்து இதன்மேல் ஒட்டும். ஒட்டியது கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் அந்த இடத்தில் பொறி வரும், பொறியால் இன்னும் கொஞ்சம் கருகும். என் தகட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பு வட்டம், நடுவில் ஊசி போகும் ஓட்டை. பள்ளிபாளையம் சிக்கனில் எவ்வளவு எண்ணெய் மிதக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் பிசுக்கு என்றால் துடைத்துக் காய வைத்துத் திரும்ப மாட்டலாம். கருப்பு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். என் ஓவனில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பியதும் தகடு கழன்று வந்துவிட்டது.

கழற்றிய இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேக்னட்ரானின் முனையில் சின்ன உலோக மூடி தெரியும். அது உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் இதோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

3. வெட்டுவது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் கேட்டேன். "மைக்கா ஷீட்டுங்களா? பழசு கொண்டாந்தீங்களா?" என்றார் கடைக்காரர். கொண்டு போயிருந்தேன், நல்லவேளை. பெரிய ஷீட்டாகத்தான் தருவார்கள், அளவுக்கு நாமே வெட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய தகட்டைப் புது ஷீட்டின்மேல் வைத்து, பென்சிலால் அழகாக வரைந்து, கோட்டுக்கு வெளியே வெட்டி மாட்டினேன். தண்ணீர் வைத்து ஓட்டினால் மறுபடியும் பொறி, அதுவும் சரியாக ஓரத்தில் மட்டும். அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது. பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதுவும் கரிதான்! கரியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் என் கையாலேயே கரிக்கோடு போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஆகவே ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குப் பழைய கத்தரிக்கோல் போதும். பிளேடு எனக்குப் பிடிக்கவில்லை, தகடு ஏடு ஏடாகப் பிரிகிறது. வீட்டில் துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தொட்டால் வரும் விளைவுகளுக்கு நான் பொறுப்பில்லை. மூலைகளை லேசாக உருட்டி, நகம் தேய்க்கும் அரத்தால் ஓரத்தை நைசாக்குங்கள். இறுக்கமாகத் திணிக்க வேண்டாம், நூலளவு இடம் இருக்கட்டும்.

4. சுவர்

தகடு இருந்த இடத்தைச் சுற்றியும் கரி இருக்கும். வெந்நீரில் நனைத்த துணி போதும். கம்பி நாரால் தேய்த்தால் அதன் துணுக்கு உள்ளே தங்கி, அதுவே பொறி கிளப்பும். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் அதற்கென்றே விற்கும் மைக்ரோவேவ் பெயிண்டைத்தான் அடிக்க வேண்டும். கதவுக்கு வாங்கி மிச்சமான எனாமல் பெயிண்டை எடுக்காதீர்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஓட்டக் கூடாது. அலையை வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது திரும்பி மேக்னட்ரானையே பதம் பார்க்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த திருப்பூர் அக்கா ஒருவர், கேரட் வைத்தால் மட்டும் பொறி வருகிறது என்றார். அது ஓவன் கோளாறு இல்லைங்க. வெட்டிய கேரட், பீன்ஸ் துண்டுகளின் கூரான ஓரங்களில் அப்படி வருவதுண்டு. துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பவரைக் குறைத்து வைக்கச் சொன்னேன். நின்றுவிட்டதாம்.

இன்னொருவர் பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோனதால் அந்த ஓட்டையில் ஒரு இரும்பு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, புது மைக்காவும் கருகிவிட்டது என்று புலம்பினார். கிளிப் இருந்த இடத்தில் கிளிப்தான் போட வேண்டும். மைக்கா வாங்கும்போதே அதையும் ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள்.