சவ்வா ஒயின்: எதை வாங்குவது, எப்படி ஊற்றுவது

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவ்வா ஒயினில் முதலில் லேபிளைப் பாருங்கள். 'அப்ரமோன்', 'அபீம்' என்றிருந்தால் உள்ளே ஜாக்கேர் திராட்சை. 1248-இல் கிரானியே மலை சரிந்து குவிந்த சுண்ணாம்புக்கல் மேட்டில் விளைவது. புளிப்பு தூக்கல், ஆல்கஹால் குறைவு. 8–10 டிகிரியில் ஊற்றுங்கள். ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டும், வைத்தால் மணம் போய்விடும்.

உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோன்டூவுக்கும் இதுவே தோது. இரண்டு பேருக்கு 400 கிராம் போஃபோர், கோம்தே சீஸைத் துருவி, சூடான 150 மில்லி ஒயினில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். கொதிக்க விட்டால் கொழுப்பு தனியே பிரியும். கட்டி தட்டினால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. புளிப்புதான் சீஸை இளக்கும்.

'ரூசெத்' என்றால் அல்தெஸ் திராட்சை, சில ஆண்டு தாங்கும். மோந்தூஸ் திராட்சையின் சிவப்பு ஒயினில் மிளகு வாசம். 14–15 டிகிரி போதும். அதற்கும் கீழே குளிர்ந்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.